பத்தாண்டுத் தடை: மெல்போர்னுக்கு வரவிருக்கும் டாக்டர் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

'அக்கா' என்று அழைத்துக் கேட்டிருக்கிறாய்; அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன். கணவருக்கு 189 என்னும் திறன்சார் விசாவில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது, மெல்போர்னில் கணினி வேலையும் தயார். நீ மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, வெளிநாட்டு டாக்டர்களுக்கான ஏ.எம்.சி. (ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில்) முதல் தேர்விலும் தேறிவிட்டாய். "வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பத்து வருடம் நகரத்தில் வேலை செய்யக் கூடாதாமே, ஐந்து வயது மகளுடன் எங்கோ ஒரு குக்கிராமத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?" என்பது உன் கேள்வி.

நகரத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லவும் அதனால் முடியாது. 1946இல் பொதுவாக்கெடுப்பு வழியாக அரசியல் சட்டத்தில் சேர்ந்த பிரிவு, மருத்துவ சேவையில் கட்டாயப் பணியைத் தடுக்கிறது. எனவே அரசு பணத்தின் வழியாக வருகிறது. 1973ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 19ஏபி என்றொரு பிரிவு உண்டு. பத்தாண்டுத் தடை அதில்தான், 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீ பார்க்கும் நோயாளிக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பணம் கிடைக்க வேண்டுமானால், டாக்டர் பற்றாக்குறை உள்ளதாக அரசு அறிவித்த பகுதியில், அதற்கான விலக்கு பெற்று நீ உட்கார வேண்டும். மெடிகேர் இல்லாவிட்டால் நோயாளி முழுக் கட்டணத்தையும் கைக்காசாகக் கொடுக்க வேண்டும். அடுத்த தெருவில் இலவசமாகப் பார்க்கும் டாக்டர் இருக்கும்போது யார் உன்னிடம் வருவார்கள்?

ஆக, தடை மெடிகேர் பணத்துக்குத்தான். அரசு மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் டாக்டரை அது தொடுவதில்லை. மெல்போர்ன் அரசு மருத்துவமனை ஒன்றில் உனக்கு வேலை கிடைத்தால், இந்தத் தடை குறுக்கே நிற்காது. அதைவிட முக்கியமானது, பத்தாண்டுக் கணக்கு ஆஸ்திரேலியாவில் உன் முதல் மருத்துவப் பதிவு நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. மருத்துவமனையில் கழியும் ஆண்டுகளும் அதில் சேரும். எத்தனையோ பேர் இது தெரியாமல், கிளினிக்கில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நகர மருத்துவமனை வேலைகளுக்குப் போட்டி கடுமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.எம்.சி. முடித்த கையோடு விண்ணப்பிப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு பெரும்பாலும் ஊர்ப்புற மருத்துவமனைகளில்தான் கிடைக்கிறது.

உனக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. அதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரிவு 19ஏஏ. நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ உள்ள டாக்டர், சிறப்புப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி அல்லது பணித் திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மெடிகேர் பணம் இல்லை. தற்காலிக விசாவில் வருபவரை இது கட்டுப்படுத்தாது. நீ வசிப்புரிமையோடு வந்திறங்குகிறாய்; எனவே பற்றாக்குறைப் பகுதியில் இடம் கிடைத்தாலும், நேராகப் போய்க் குடும்ப மருத்துவராக உட்கார முடியாது. முதலில் மருத்துவமனை, பொதுப் பதிவு, பிறகு குடும்ப மருத்துவப் பயிற்சி. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் வரைபடத்தில். விசாக்காரர்கள் சொல்லும் 'ரீஜனல்' வேறு, மெடிகேரின் பற்றாக்குறைப் பகுதி வேறு. ஊர்ப்புறங்களுக்கான 491 என்னும் தற்காலிக விசாவுக்கு அடிலெய்டு நகரம் முழுவதுமே ரீஜனல்தான். ஆனால் அடிலெய்டின் நடுப்பகுதியில் குடும்ப மருத்துவராக உட்கார உனக்கு விலக்கு கிடைக்காது. இது தெரியாமல் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவித்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

குக்கிராமம் என்ற பயமும் வேண்டாம். 2022 ஜூலை முதல், இடங்களைப் பெருநகரம் (ஒன்று) முதல் மிகத் தொலைவு (ஏழு) வரை பிரிக்கும் 'மொனாஷ்' வகைப்பாட்டில் இரண்டு முதல் ஏழு வரையுள்ள இடங்கள் எல்லாமே குடும்ப மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைப் பகுதிகள். பாலரட்டும் பெண்டிகோவும் அதில் அடக்கம். இரண்டும் பெரிய நகரங்கள். மெல்போர்னிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம்தான். உன் கணவர் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போனால் போதுமென்றால், இந்த வாழ்க்கை நடக்கும். மிகத் தொலைவான இடங்களுக்குப் போனால் பத்தாண்டு ஐந்தாகக்கூடக் குறையும். சுகாதாரத் துறையின் 'ஹெல்த் ஒர்க்ஃபோர்ஸ் லொகேட்டர்' வரைபடத்தில் முகவரியை இட்டுப் பார்த்துக்கொள். பட்டியல் அவ்வப்போது மாறும்; போன வருடம் போனவர் சொன்னதை நம்பாதே.

இனி என் கதை. எனக்கு 2010இல் முதல் பதிவு. இரண்டாண்டு மருத்துவமனைக்குப் பிறகு, விக்டோரியாவின் வடமேற்கில் ஒரு சிற்றூர்க் கிளினிக்கில் சேர்ந்தேன். வசூலில் 65 சதவீதம் எனக்கு என்று பேச்சு. எட்டாம் மாதம் உரிமையாளர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார்: இனி 55. பக்கத்துக் கிளினிக்குக்கு மாறிவிடலாமே என்று நினைப்பாய். ஆனால் மெடிகேர் பணம் கேட்க டாக்டருக்குத் தரப்படும் வழங்குநர் எண் இடத்துக்கு இடம் தனி. விலக்கும் அந்த இடத்தோடு கட்டப்பட்டது. மாறினால் புதிதாக விண்ணப்பித்து வாரக்கணக்கில் வருமானமில்லாமல் காத்திருக்க வேண்டும். போதாததற்கு, இரண்டு ஆண்டுக்குள் விலகினால் இழப்பீடு என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருந்தது. அவருக்கு இதெல்லாம் தெரியும். நான் அந்தத் தாளில் கையெழுத்திட்டேன். அன்று மாலை காரில் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் வெகுநேரம் இருந்தேன்.

இந்தச் சட்டத்தின்மேல் என் குறை இதுதான். ஊர்ப்புறத்துக்கு டாக்டர் தேவை என்பது முழு உண்மை. ஆனால் அந்தச் சுமையைச் சட்டமாக்கி ஏற்றியிருப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் தலையில். இடத்தோடு கட்டப்பட்ட டாக்டரை முதலாளி எப்படி நடத்துகிறார் என்று பார்க்க யாரும் இல்லை. இது அநியாயம். இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அந்த ஊர் மக்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் சேர்ந்த இரண்டாம் வாரம், 60 வயது கடந்த ஓர் அம்மாள் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்து விரல் நுனிகள் வெடித்திருந்தன. கருப்பைவாய்ப் பரிசோதனை செய்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டதாம். "இங்கே இதற்கு முன் பெண் டாக்டர் வந்ததில்லை" என்றார். அந்த மாதமே அவருடைய இரண்டு சகோதரிகளும் மருமகளும் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மர்ரே ஆற்றங்கரையில் ஸ்வான் ஹில்லுக்கு மாறினேன். தொலைவுக்கான கழிவால் 2018இலேயே என் தடை முடிந்துவிட்டது. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். கோடையில் 40 டிகிரி தாண்டும். மதுரைக்காரி உனக்கு அது புதிதல்ல.

அதனால், இடத்தை வரைபடம் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே. உன்னை மேற்பார்வையிடப் போகும் டாக்டர் யார், இதற்கு முன் அங்கே வேலை செய்தவர் ஏன் போனார் என்று கேள். முடிந்தால் அவரையே தொலைபேசியில் பிடி. மகளின் பள்ளியை நேரில் போய்ப் பார். சதவீதம், விலகும் நிபந்தனை, பக்கத்து ஊரில் வேலை செய்யத் தடை என்ற மூன்று வரிகளையும் வக்கீல் ஒருவர் படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதே.

ஏ.எம்.சி. இரண்டாம் தேர்வுக்குத் தேதி கிடைத்ததும் எழுது. ஒப்பந்தம் கைக்கு வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா