ஆணை வந்தது, பணம் வரவில்லை: வாசகர் சட்டக் கேள்விகள்

கேள்வி: எனக்கும் மகளுக்கும் மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொல்லி குடும்ப நீதிமன்றம் ஆணையிட்டது. 14 மாதமாக ஒரு பைசா வரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டால் பணம் கிடைக்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: போடலாம், ஆனால் அதை முதலில் போடாதீர்கள். குடும்ப நீதிமன்றம் தன் ஆணையை மீறியவரை அவமதிப்புச் சட்டத்தின் கீழ் தானே தண்டிக்க முடியாது. அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். திண்டுக்கல்காரரான நீங்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி உச்சபட்ச தண்டனை ஆறு மாத வெறுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும். மனமார மன்னிப்புக் கேட்டால் அதுவும் குறையலாம், ரத்தாகலாம். பெரும்பாலும், "நிறைவேற்று மனுப் (ஆணைப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போட வழி இருக்கிறதே" என்று உயர் நீதிமன்றம் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். இப்படி அலைந்து திரும்புவதற்குள், பணம் வசூலிக்கும் காலக்கெடு கரைந்துபோவதுதான் பெரிய நஷ்டம்.

நீங்கள் போக வேண்டிய இடம், ஆணை போட்ட அதே குடும்ப நீதிமன்றம். அதற்கான பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125(3), 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144(3). தொகை தர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு வந்தால்தான் வாரண்ட் (பாக்கியை வசூலிக்கும் உத்தரவு) பிறப்பிக்கலாம். உங்கள் பாக்கி 1,12,000 ரூபாய். இன்று மனுப் போட்டால் வாரண்ட் வழியில் கேட்க முடிவது 12 மாதத்துக்கு 96,000 தான். மீதி 16,000 ஏற்கெனவே கெடு தாண்டிவிட்டது. இனி ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் இன்னொரு 8,000 கழன்றுகொண்டே போகும்.

மனுவோடு ஆணையின் சான்றிட்ட நகல், வங்கிப் பாஸ்புக் நகல், மாதவாரிக் கணக்குத்தாள் மூன்றும் இருக்க வேண்டும். கணக்குத்தாளில் மாதம், தர வேண்டிய தேதி, தொகை, வந்தது, பாக்கி என ஐந்து பத்தி போதும். அவர் இடையில் 2,000 அனுப்பியிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே ஒரு பொய் பிடிபட்டால் எதிர்த்தரப்பு வாய்தா வாய்தாவாக அதையே பேசும்.

வாரண்ட் வீணாகத் திரும்புவதற்கு முக்கியக் காரணம் விலாசம். "வீடு பூட்டியிருக்கிறது" என்ற குறிப்போடு காவல் நிலையத்திலிருந்து வந்துவிடும். அவர் இப்போது குடியிருக்கும் வீடு, வேலை செய்யும் இடம், வண்டி எண், வங்கிக் கிளை, பெயரிலுள்ள நிலத்தின் சர்வே எண் என்று தெரிந்ததை எல்லாம் மனுவிலேயே கொடுங்கள். அசையும் சொத்தை ஜப்தி செய்யலாம். நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் வாரண்ட் அனுப்பலாம். அதற்கும் மசியாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. அதற்குள் கட்டினால் விடுதலை.

மனு நிலுவையில் இருக்கும்போது புதிதாகச் சேரும் மாதங்களுக்குத் தொடர் மனுப் போடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், முதல் மனு கெடுவுக்குள் போடப்பட்டு நிலுவையில் இருந்ததால், பின்னால் வந்த மனுவை அதன் தொடர்ச்சி என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதனால் வாய்தாவுக்குப் போகாமல் விட்டு முதல் மனுவைத் தள்ளுபடி ஆகவிடாதீர்கள்.

கேள்வி: மாதம் இரண்டு ஞாயிறு மகனைப் பார்க்க எனக்கு உத்தரவு இருக்கிறது. மனைவி அனுப்புவதே இல்லை. ஜீவனாம்சத்தை நிறுத்தலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: நிறுத்தவே கூடாது. அந்தப் பணம் குழந்தையின் சாப்பாடு. இரண்டும் தனித்தனி ஆணை. நிறுத்தினால் ஆணையை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

உங்கள் விஷயத்தில்தான் அவமதிப்பு மனுவுக்கு உண்மையான வேலை இருக்கிறது, ஏனென்றால் ஜப்தி செய்ய இங்கே சொத்து இல்லை. மூன்றைக் காட்ட வேண்டும்: ஆணை அவருக்குத் தெரியும், ஆணையின் வாசகம் தெளிவாக இருக்கிறது, வேண்டுமென்றே மீறினார். பல மனுக்கள் இரண்டாவதில்தான் விழுகின்றன. "வசதிப்படி பார்க்கலாம்" என்று மட்டும் ஆணை இருந்தால், முதலில் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு நாள், மணி, இடம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வீட்டு வாசலைவிட நீதிமன்ற வளாகக் குழந்தைகள் மையத்தைக் கேளுங்கள். நீங்கள் வந்ததற்கு அங்கே பதிவேடு இருக்கும். குறித்த நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்கள், அன்றே ஒரு குறுஞ்செய்தியும் அனுப்புங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை அனுப்பாததை மீறலாகக் காட்டாதீர்கள். தொடர்ந்து நாலைந்து முறை நடந்ததே எடுபடும். மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். இடைக்காலத் தடையாணையை மீறி மகனை வெளியூருக்குக் கொண்டுபோயிருந்தால், தடை கொடுத்த நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்; அங்கே மூன்று மாதம் வரை உரிமையியல் சிறை உண்டு.

கேள்வி: "30 நாள் உள்ளே இருந்துட்டேன், கணக்கு முடிஞ்சுது" என்கிறார் ஜீவனாம்சம் தராமல் சிறைக்குப் போன கணவர். சரியா?
- வாசகி, கரூர்

பதில்: இல்லை. சிறை என்பது கட்ட வைக்கும் வழிதான், கட்டியதற்கு ரசீது அல்ல. 1988-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பாக்கி அப்படியே நிற்கிறது. சொத்தை ஜப்தி செய்யக் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு: மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம், அல்லது 15100 என்ற உதவி எண்.