கண்ணாடிச் சீட்டை வைத்து கான்டாக்ட் லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. வலது கண்ணில் கூடவே சிலிண்டர் 1.25 இருக்கிறது. கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்கிறது, அதே நம்பரைப் போட்டு ஆன்லைனில் லென்ஸ் ஆர்டர் செய்துவிடலாமா டாக்டர்?
- கல்லூரி மாணவி

பதில்: நான் டாக்டர் இல்லைம்மா, ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பதும் லென்ஸ் பொருத்துவதும்தான் என் வேலை. ஆர்டர் செய்யாதீர்கள். கண்ணாடி உங்கள் கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, லென்ஸோ கருவிழிக்கு மேலேயே, கண்ணீரில் மிதந்துகொண்டு இருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளி போனதும் கணக்கு மாறிவிடும். மைனஸ் 4க்குள் என்றால் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம், ஆனால் உங்கள் 6 லென்ஸில் 5.50 பக்கம் வந்து நிற்கும். அப்படியே 6 போட்டால் தெளிவாகத் தெரிகிற மாதிரிதான் இருக்கும், சாயங்காலம் படிக்க உட்காரும்போது கண் இழுக்கும், தலை வலிக்கும்.

அடுத்தது சிலிண்டர், அதாவது பெரும்பாலும் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததால் தேவைப்படுகிற கூடுதல் பவர். 1.25 சிலிண்டரைச் சாதாரண லென்ஸ் போட்டுச் சமாளிக்க முடியாது, எழுத்துக்கு நிழல் விழுந்த மாதிரி தெரியும். சிலிண்டரையும் சேர்த்துத் திருத்துகிற டோரிக் லென்ஸ்தான் வேண்டும். டோரிக்கில் பவர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்க வேண்டும், அது கண்ணுக்குள் சுற்றக் கூடாது, அதனால் பலவற்றில் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தடிமனாகச் செய்து, அதில் பொடிக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். ட்ரையல் லென்ஸைப் போட்டு ஒரு கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது நாங்கள் தேடுவது அந்தக் கோட்டைத்தான். அது 6 மணி முள் மாதிரி நேர் கீழே நிற்கிறதா, கண் சிமிட்டினால் ஓடிப்போகிறதா? வெறும் 10 டிகிரி சுற்றினாலே சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். இதை எந்தச் சீட்டிலிருந்தும் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் கண்ணில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸ் பெட்டியில் 8.4, 8.6 என்று ஒரு எண் இருக்கும், அது லென்ஸின் வளைவு. உங்கள் கருவிழிக்கு அது பொருந்தாமல் இறுக்கமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரம் ரொம்ப சொகுசாக இருக்கும், அசையவே அசையாது, போட்டதே தெரியாது. அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிமிட்டும்போது லென்ஸ் துளியாவது நகர வேண்டும், அப்போதுதான் அடியில் கண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதற்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, அதன் மேல் நாம் ஒரு மூடியைப் போடுகிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: ஏ.சி. அறையில் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர். மாலையில் மாதாந்திர லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. நீர்ச்சத்து அதிகமுள்ள லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: நீர்ச்சத்து அதிகம் என்றால் கண் ஈரமாக இருக்கும் என்று தோன்றுவது நியாயம்தான், நடப்பது பல பேருக்குத் தலைகீழ். காய்ந்த அறையில் அந்த நீர் ஆவியாகும், ஆனதும் லென்ஸ் உங்கள் கண்ணீரை உறிஞ்ச ஆரம்பிக்கும். நீர்ச்சத்து குறைவாகவும் காற்றை நிறைய விடுவதாகவும் இருக்கும் சிலிகான் ஹைட்ரோஜெல்லைக் கேட்டுப் பாருங்கள், முடிந்தால் தினமும் தூக்கிப் போடுகிற வகையில். அப்புறம், திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. மாதாந்திரம் என்பது திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். "வாரம் இரண்டு நாள்தானே போட்டேன், நாலு மாதம் வரும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் என்னிடம் வாராவாரம் வருகிறார்கள். அவர்களுக்கும் தினசரி லென்ஸ்தான் சரி.

கேள்வி: கெரட்டோகோனஸ் என்று சொல்லி ஹார்டு லென்ஸ் போடச் சொல்கிறார்கள். சாஃப்ட் போதாதா? ஹார்டு கண்ணைக் கிழித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கெரட்டோகோனஸில் கருவிழி கூம்பாகப் பிதுங்கி, மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக ஆகிவிடுகிறது. சாஃப்ட் லென்ஸ் ஈரத்துணி மாதிரி, அடியில் என்ன வடிவமோ அதே வடிவத்தில் படிந்துவிடும், அப்புறம் பார்வை எப்படித் தெளியும்? ஹார்டு லென்ஸ் தன் வடிவத்தை விடாது, நடுவில் உள்ள பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிவிடும், ஒளி போகிற பரப்பு வழவழப்பாகிவிடும். கண்ணாடி போட்டும் எழுத்துப் பலகையின் மேல் வரிசைகளோடு நின்றுபோனவர் ஹார்டு லென்ஸில் பொடி எழுத்து வரை படிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஒன்றிரண்டு வாரம் உறுத்தும், உண்மைதான். அந்த உறுத்தல் இமை விளிம்பில் லென்ஸ் தட்டுவதால் வருவது, பழகிப்போகும். அதையும் தாங்க முடியாதவர்களுக்கு ஸ்க்ளீரல் லென்ஸ் இருக்கிறது, பெரிய அளவு, கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழி மேல் உட்காரும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், லென்ஸ் பார்வையைத்தான் சரி செய்யும், நோய் கூடுவதை நிறுத்தாது. அதனால் கண் மருத்துவரிடம் போவதை விடாதீர்கள், கண்ணைக் கசக்குவதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: தோழியின் கலர் லென்ஸை ஒரே ஒரு நாள் போட்டோவுக்காகப் போட்டுக்கொள்ளலாமா? பவர் இல்லாததுதான்.

பதில்: கூடாது. பவர் இல்லாவிட்டாலும் வளைவு இருக்கிறது, தோழியின் கிருமியும் இருக்கிறது.

கேள்வி: வயது 44. லென்ஸ் போட்டிருக்கும்போது செல்போன் எழுத்து தெரியவில்லை, எடுத்தால் தெரிகிறது. மேலே ஒரு ரீடிங் கிளாஸ் போடுவதா?

பதில்: போடலாம், அது ஒன்றும் கேவலமில்லை, பார்வைத் தெளிவில் அதுதான் முதலிடம் என்பேன். வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் பிரித்துக் கொடுப்பது மோனோவிஷன், ஒரே லென்ஸில் இரண்டும் இருப்பது மல்டிஃபோகல். மோனோவிஷனில் ஆழம் கணிப்பது கொஞ்சம் தடுமாறும், மல்டிஃபோகலில் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். ஆகவே இரவில் வண்டி ஓட்டுகிறவரா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ட்ரையல் லென்ஸை ஒரு வாரம் வீட்டிலும் வேலையிலும் போட்டுப் பார்க்காமல் பெட்டி வாங்காதீர்கள்.

கேள்வி: சொல்யூஷன் தீர்ந்த அன்று குழாய்த் தண்ணீரில் கழுவினேன். இன்று கண் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது. வேறு வகை லென்ஸுக்கு மாற வேண்டுமா?

பதில்: வகையைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்தப் பதிலுக்காகக் காத்திராமல் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் இப்போதே லென்ஸைக் கழற்றிவிட்டு கண் மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே. குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா என்ற ஓர் உயிரி இருக்கலாம், லென்ஸில் ஒட்டிக் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்க வேண்டிவரும். அதுதான் என்று நான் சொல்லவில்லை, பரிசோதித்தால்தான் தெரியும். தண்ணீரில் கழுவியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள், சில சமயம் அவற்றையே ஆய்வுக்கு அனுப்புவார்கள்.