பேசுவது யார்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் அணி, கூற்று (பாட்டில் பேசுபவர் யார் என்பது), மெய்ப்பாடு (பாட்டில் வெளிப்படும் உணர்வு) எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள், மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் கவிதை என்றாலே அலுப்பு என்கிறாள். பாட்டை இப்படிப் பிய்த்துப் போடாமல், படித்து ரசித்தால் போதாதா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போதாது. எதை ரசிக்கிறோம் என்று தெரியாமல் தலையாட்டுவதும் ஒருவகை மனப்பாடம்தான். உங்கள் மகளை அலுக்கவைப்பது ஆராய்ச்சி அல்ல. ஒன்றோடொன்று பிணைந்த மூன்றையும் மூன்று தனி விடைகளாக எழுதவைக்கும் பழக்கம்.

திருநெல்வேலிச் சீமைக்காரருக்குக் குற்றாலத்தைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் வருகிறது:

தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும்
செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்

அருவியின் அலை வானம்வரை எழுந்து வழிகிறது. அந்த ஈரத்தில் சூரியனுடைய குதிரைகளின் கால் வழுக்குகிறது, தேர்ச் சக்கரமும் வழுக்குகிறது. மிகைப்படுத்திச் சொல்வதால் 'உயர்வு நவிற்சி அணி' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடிவிடுகிறோம். சற்று நில்லுங்கள். இதைச் சொல்வது யார்? கவிராயர் அல்லர், குறி சொல்ல வந்த குறத்தி. மலைவளம் கேட்ட வசந்தவல்லியிடம் சொல்கிறாள். ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லிப் பிழைக்கும் பெண், 'குற்றாலத் திரிகூட மலையெங்கள் மலையே' என்று பாட்டை முடிக்கிறாள். சூரியன் தேரையே வழுக்கவைப்பது அந்தப் பெருமிதம்தான். அரண்மனைப் புலவர் ஒருவர் தம் அரசனின் மலையைப் பற்றி இதே அடிகளைப் பாடியிருந்தால் வெறும் முகத்துதியாக ஒலித்திருக்கும்.

கபிலரின் குறுந்தொகைப் பாட்டு (25) இன்னும் நுட்பமானது. பாடியவர் ஆண்; பேசுபவள் தலைவி. தலைவன் சொன்ன சொல் தவறினால் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். இருவரும் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' குருகு ஒன்று நின்றது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குருகின் காலுக்குத் தினைத்தாள் உவமை என்பதோடு நோட்ஸ் நின்றுவிடும். ஆனால் அந்தக் காலின் மெலிவை அவள் அன்றே கவனித்தாளா, அல்லது இன்றைய பயத்தில் நினைத்துப் பார்க்கிறாளா? இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தன் வாழ்வுக்கு இருக்கும் ஒரே சாட்சி அத்தனை மெல்லிய காலில், பேச வாயில்லாமல், இரைமேல் கண்ணாக நிற்கிறது. அச்சம் என்ற சொல் பாட்டில் இல்லை. அவளுடைய கண்ணால் அந்தப் பறவையைப் பார்த்துவிட்டால் அது தேவையும் இல்லை.

செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது தொல்காப்பியர் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்று அடுக்குகிறார். பேசுபவரும் கேட்பவரும் முன்னே, உணர்வு பின்னே. உங்கள் மகளிடமும் அந்த வரிசையிலேயே கேளுங்கள். அணியின் பெயரைக் கடைசியில் எழுதட்டும். அதற்குரிய மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.