ஏரோட்டரில் வரும் தண்ணீர்

கேள்வி: என் 6 வயது மகனுக்குப் பால் பல்லில் சொத்தை. நரம்புவரை போய்விட்டது என்று சிகிச்சை செய்தார்கள். வாயில் பீய்ச்சிய தண்ணீரில் பாசி வாடை அடித்ததாம். “ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறோம்” என்கிறார் டாக்டர். பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: பையன் சொன்னதை நம்புங்கள். டாக்டர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஊற்றும் தண்ணீர் நல்லதாக இருந்தாலும் அது வரும் டியூப் கெட்டுப்போயிருக்கலாம். பாட்டிலிலிருந்து, பல்லைக் குடையும் கருவியான ஏரோட்டருக்குப் போகும் டியூபின் உள் அகலம் சுமார் 2 மி.மீ.தான். ராத்திரி முழுக்க, ஞாயிறு முழுக்க அதற்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும். கிருமிகள் உள்சுவரில் படலமாக ஒட்டி வளரும். ஆர்.ஓ. தண்ணீரில் அவற்றைத் தடுக்கக் குளோரினும் இருக்காது.

பல வருடங்களுக்கு முன் என் கிளினிக்கில் பழைய சேர் ஒன்றின் டியூபை மாற்றியபோது, அதைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். விரலில் வழுவழுவென்று ஒட்டியது. இதன் வழியாகவா இத்தனை பேர் வாய்க்குத் தண்ணீர் விட்டேன் என்று அன்று சாப்பாடே இறங்கவில்லை. காலையில் தண்ணீரை ஓடவிட்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20, 30 விநாடி ஓடவிடத்தான் வேண்டும். ஆனால் அதனால் படலம் பெயராது. அதற்கென்றே உள்ள மருந்தைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

2016-ல் அமெரிக்காவின் அனாஹெய்ம் நகரில், உங்கள் மகனைப் போலவே பால் பல் நரம்புக்குச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் பலருக்குத் தாடையில் கிருமி இறங்கியது. அது தண்ணீர்க் குழாயில் வளர்ந்திருந்த மைக்கோபாக்டீரியம். திறந்த நரம்புக்குள் அது புகுந்த பிறகு மேலே மூடிவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனாலும் அடுத்த சில மாதங்களுக்கு ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

அப்புறம், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: டியூபுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்? தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? சாதாரண சிகிச்சைக்கான தண்ணீரில் ஒரு மில்லிக்கு 500 கிருமிக் கூட்டங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வைத்திருக்கும் வரம்பு. எலும்பைத் தொடும் அறுவை சிகிச்சைக்கு இந்த டியூப் தண்ணீரே ஆகாது, கிருமி நீக்கிய சலைனோ தண்ணீரோதான் வேண்டும். ஒழுங்காகப் பராமரிப்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், நோட்டை எடுத்துக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகு அடுத்த தேதியை வாங்குங்கள்.