சிறு லேத்தில் வெர்டிகல் ஸ்லைடு: கேள்வி பதில்

7 அங்குல ஸ்விங் கொண்ட சீன மினி லேத், பழைய மைஃபோர்டு எம்எல்7 போன்ற சிறு லேத்துகளில் வெர்டிகல் ஸ்லைடு (வேலைப்பொருளைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தும் துணைக்கருவி) பொருத்தி மில்லிங் (சுழலும் கட்டரால் சீவுவது) செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; வீட்டில் இருப்பது மினி லேத்; அதற்கு ஸ்லைடை நானே பொருத்திப் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன்.

கேள்வி (கோவை): ஐயா, என் மினி லேத்தின் கிராஸ் ஸ்லைடில் (லேத்தின் குறுக்கே நகரும் பகுதி) டி-ஸ்லாட் (போல்ட் மாட்டும் டி வடிவப் பள்ளம்) இல்லை. வாங்கிய வெர்டிகல் ஸ்லைடின் அடித்துளைகள் எதனோடும் ஒத்துவரவில்லை. கிராஸ் ஸ்லைடிலேயே துளையிட்டு டேப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கிராஸ் ஸ்லைடில் துளையிடாதீர்கள். அந்த வார்ப்பு மெல்லியது. அதன் அடியில்தான் திருகும் நட்டும் ஓடுகின்றன. இடம் தவறி இறங்கிய ஒரு துளை ஸ்லைடையே வீணாக்கிவிடும். கிராஸ் ஸ்லைடின் மேல் இருக்கும் காம்பவுண்டு ஸ்லைடைக் கழற்றுங்கள். அது உட்கார்ந்திருந்த இடமும், அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் துளைகளும் உங்களுக்குக் கிடைத்துவிடும். அவற்றுக்கு ஒரு வரிசைத் துளையும், வெர்டிகல் ஸ்லைடின் அடிப்பகுதிக்கு இன்னொரு வரிசைத் துளையுமாக ஓர் அடாப்டர் பிளேட் செய்துகொள்ளுங்கள். பிளேட்டின் கனம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வார்ப்பிரும்பு கிடைத்தால் நல்லது, எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆனாலும் போதும். போல்ட்டின் தலைகள் பிளேட்டுக்குள் அமிழ்ந்து உட்கார வேண்டும்.

பிளேட்டை இறுக்குவதற்கு முன் அதன் அடியில் பிரஷ்யன் புளூ என்ற நீலச் சாயத்தை மிக மெல்லியதாகத் தடவி, கிராஸ் ஸ்லைடின் மேல் வைத்து எடுத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தால் அந்தப் பிளேட் தொட்டில் போல ஆடும். எத்தனை இறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது. நான்கு மூலைகளிலும் ஒட்டும்வரை நடுப்பகுதியைச் சுரண்டியோ அரத்தால் தேய்த்தோ இறக்க வேண்டும். நான் இதற்கு ஒரு முழு மாலைப் பொழுதைச் செலவிட்டேன். அதன்பின் அந்தப் பிளேட்டைத் திரும்பத் தொட வேண்டிய தேவை வரவில்லை.

அடுத்தது நேர் பார்ப்பது. ஃபேஸ்பிளேட்டை ஸ்பிண்டிலில் மாட்டி, அதை அந்த லேத்திலேயே மெல்லியதாக ஒருமுறை ஃபேஸிங் செய்துவிடுங்கள். பிறகு போல்ட்டுகள் தளர்ந்த நிலையில் வெர்டிகல் ஸ்லைடின் முகத்தை ஃபேஸ்பிளேட்டோடு ஒட்டிக் கொண்டுபோய் அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். டயல் (நுண்ணளவு காட்டும் கருவி) இல்லாமலே முக்கால் வேலை முடிந்துவிடும். மீதிக்கு டயலைச் சக்கில் பிடித்து, அதன் முனை ஸ்லைடின் முகத்தில் 60 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போடுமாறு சக்கைக் கையால் சுற்றுங்கள். மேலுக்கும் கீழுக்கும் 0.06 மி.மீ. வேறுபாடு வந்தால் அது ஆயிரத்துக்கு ஒன்று என்ற சாய்வு. அடிப்பகுதி பெட் நீளவாக்கில் 75 மி.மீ. இருந்தால் ஒரு விளிம்பின் அடியில் 0.075 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். ஃபீலர் கேஜின் இலைகளைக் கொண்டு முதலில் அளவைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு பித்தளை ஷிம்மை வெட்டி வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள். சாடில் (பெட்டின் மேல் நீளவாக்கில் நகரும் பகுதி), கிராஸ் ஸ்லைடு, வெர்டிகல் ஸ்லைடு ஆகிய மூன்றில் மில்லிங்கின்போது நகர வேண்டியது ஒன்றுதான். மற்ற இரண்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். சிறு லேத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் மோட்டாரின் பலவீனத்தால் அன்று. பூட்டாமல் விட்ட ஸ்லைடின் ஆட்டத்தால்தான்.

கேள்வி (ஓசூர்): டெயில் ஸ்டாக்கில் இருக்கும் டிரில் சக்கை ஸ்பிண்டிலில் மாட்டி, அதில் எண்ட் மில் (முனையிலும் பக்கத்திலும் வெட்டும் மில்லிங் கட்டர்) பிடிக்கலாமா?

பதில்: கூடாது. டிரில் சக் அச்சின் திசையில் வரும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. அந்தச் சக் தன் ஆர்பரின் (ஸ்பிண்டிலுக்குள் நுழையும் தண்டு) மேல் ஒரு சிறிய டேப்பரால் (கூம்புப் பொருத்து) மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் விட்டுவிட்டு விழும் அடிகள் அந்த டேப்பரைக் கழற்றிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் சக் கட்டரோடு சேர்ந்து கீழே விழும்.

கேள்வி (சேலம்): இஆர்32 கோலெட் சக்கை (கட்டரைச் சுற்றிலும் பிடிக்கும் பிளவுபட்ட குழல் உள்ள சக்) எம்டி3 (மோர்ஸ் டேப்பர் 3) ஷாங்கோடு வாங்கியிருக்கிறேன். ஸ்பிண்டிலில் தட்டி உட்கார வைத்தால் உறுதியாகவே இருக்கிறது. டிராபார் (பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி) அவசியமா?

பதில்: அவசியம். மோர்ஸ் டேப்பர் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது துளையிடும் வேலைக்கு உண்மை. மில்லிங் கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஓர் அடி. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள் பக்கவாட்டில் விழும்போது எந்த டேப்பரும் மெல்ல மெல்லக் கழன்று வரும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. எம்டி3 ஷாங்கின் பின்முனையில் வழக்கமாக எம்12 மரை இருக்கும். ஸ்பிண்டிலின் நீளத்துக்கு ஒரு கம்பியில் மரை வெட்டி, பின்பக்கத்தில் ஸ்பிண்டிலின் துளைக்குள் சிறிது நுழைந்து மையத்தில் நிற்கும் புஷ் ஒன்றையும் நட்டையும் போட்டு இறுக்குங்கள். கழற்றும்போது நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுப் பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

இன்னொன்று: கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, 'டக்' என்று உட்கார வைத்த பிறகே நட்டைச் சக்கில் திருக வேண்டும். கோலெட்டைச் சக்கில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கோலெட் மையம் தவறும், கழற்றும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி (மதுரை): கோலெட் செட் வாங்க இப்போது வசதியில்லை. மூன்று ஜா சக்கிலேயே எண்ட் மில்லைப் பிடித்தால் என்ன ஆகும்?

பதில்: எனக்கு ஆனதைச் சொல்கிறேன். ஸ்லைடு பொருத்திய புதிதில் 8 மி.மீ. எண்ட் மில்லை மூன்று ஜா சக்கில் பலமாக இறுக்கி, எம்.எஸ். கட்டையில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஸ்லாட் வெட்டினேன். தொடக்கத்தில் 3 மி.மீ. இருந்த ஆழம் மறுமுனையில் 3.6 ஆகியிருந்தது. கட்டரைக் கழற்றிப் பார்த்தபோது அதன் தண்டில் மூன்று பளபளப்பான கீறல்கள் புரி போலச் சாய்ந்து ஓடியிருந்தன. கட்டரின் தண்டு கெட்டியாக்கப்பட்டது, ஜாவும் அப்படித்தான். இரண்டும் மூன்று கோடுகளில் மட்டுமே தொடுகின்றன. வலப்புரிப் பற்கள் கட்டரை வெளியே இழுக்கின்றன. அது சுழன்றுகொண்டே வெளியே வந்து வேலைக்குள் ஆழமாக இறங்குகிறது.

கேள்வி (திருச்சி, 40 ஆண்டு அனுபவமுள்ள டர்னர்): தம்பி, நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. நாங்கள் கோலெட்டைக் கண்ணால் பார்க்காத காலத்தில் மூன்று ஜா சக்கில் கட்டரைப் பிடித்தே நூற்றுக்கணக்கான கீவே (ஷாஃப்டில் கீ உட்காரும் பள்ளம்) வெட்டியிருக்கிறோம். புதிதாக வருகிற பிள்ளைகளை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: அண்ணா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வேலை செய்தது பெரிய லேத்தில், கனமான சக்கில். மினி லேத்தோடு வருவது 80 அல்லது 100 மி.மீ. சக். அதன் ஜாக்கள் சிறிது தேய்ந்ததும் வாய்ப்புறம் விரிந்துகொள்கின்றன. கட்டரின் தண்டை உட்பகுதி மட்டுமே பிடிக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள்: ஜாவின் முகத்தை ஒட்டித் தண்டில் மார்க்கர் பேனாவால் வளையம் போட்டுவிட்டு, பத்துப் பாஸ் வெட்டியபின் அந்த வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அவரே மறுபடியும்: செய்து பார்த்தேன். அலுமினியத்தில் 0.3 மி.மீ. பாஸ்கள். வளையம் இம்மியும் நகரவில்லை.

பதில்: நம்புகிறேன். அலுமினியத்தில், அந்த ஆழத்தில், உங்கள் கைப்பக்குவத்தில் நகராமல் இருந்திருக்கும். அந்த அளவுக்கு என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். இதே சோதனையை எம்.எஸ். கட்டையில் 1 மி.மீ. ஆழத்துக்குச் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புதியவர்கள் முதலில் எடுப்பது எம்.எஸ். துண்டைத்தான்.

இதைப் படித்த ஈரோட்டு வாசகர்: நான்கு ஜா சக்கில் பிளந்த பித்தளைப் புஷ் போட்டுப் பிடித்தால் இருவர் பேச்சும் நிறைவேறுமே?

பதில்: மூன்று ஜாவை விட அது பல மடங்கு மேல், டயல் வைத்து மையமும் கொண்டுவரலாம். ஆனால் மதுரை நண்பருக்கும் திருச்சி அண்ணனுக்கும் சேர்த்து அதைவிட நல்ல வழி ஒன்று சொல்கிறேன். முன்பகுதி கெட்டியாக்கப்படாத எம்டி3 பிளாங்க் ஆர்பர் ஒன்றை வாங்கி, டிராபாரோடு ஸ்பிண்டிலில் உட்கார வைத்து, டெயில் ஸ்டாக்கிலிருந்து துளையிட்டு, போரிங் செய்து, கடைசியில் 10 மி.மீ. ரீமர் விடுங்கள். அந்தத் துளை உங்கள் ஸ்பிண்டிலின் அச்சிலேயே பிறந்தது. அதைவிடச் சரியான மையம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பக்கவாட்டில் எம்6 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) ஒன்றைப் போட்டு, கட்டரின் தண்டில் அது உட்காரும் இடத்தைக் கிரைண்டரில் சிறிது தட்டையாக்கிவிட்டால், கட்டர் வெளியே வர வழியே இல்லை. ஆர்பரிலும் ஸ்பிண்டிலிலும் ஒரு புள்ளிக் குறி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே நிலையில் மாட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): 12 மி.மீ. ஷாஃப்டில் கீவே வெட்ட வேண்டும். கட்டரை ஷாஃப்டின் நடுவுக்கு எப்படிக் கொண்டுவருவது?

பதில்: 12 மி.மீ. ஷாஃப்டுக்குத் தர அளவு 4 மி.மீ. அகல கீ, ஷாஃப்டில் ஆழம் 2.5 மி.மீ. இரண்டு பல் ஸ்லாட் டிரில்லை எடுங்கள். நான்கு பல் எண்ட் மில் வழி விலகி அகலமாக வெட்டும். ஷாஃப்டைக் கிராஸ் ஸ்லைடின் திசையில் படுக்க வைத்துப் பிடியுங்கள். கட்டர் ஷாஃப்டின் மேற்புறத்துக்கு மேலே நிற்குமாறு சாடிலைக் கொண்டுவந்து, இடையில் மெல்லிய தாளைப் பிடித்தபடி, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிக்கொண்டே வெர்டிகல் ஸ்லைடை உயர்த்துங்கள். தாள் இழுபட்டதும் நிறுத்தி, சாடிலைப் பின்னால் இழுத்துக் கட்டரை விடுவித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் அரை விட்டம் 6, கட்டரின் அரை விட்டம் 2, தாளின் கனம் ஏறக்குறைய 0.05, ஆக 8.05 மி.மீ. மேலே உயர்த்தினால் இரண்டின் மையமும் ஒன்றாகும். உயர்த்தும் திசையில் மட்டுமே திருகுங்கள். தாண்டிப் போய்விட்டால் ஒரு முழுச் சுற்றுக் கீழே இறக்கி மறுபடி ஏறுங்கள். பிறகு வெர்டிகல் ஸ்லைடைப் பூட்டுங்கள். ஒரு பாஸுக்கு 0.3 மி.மீ. போதும், ஒவ்வொரு பாஸின் ஆழத்தையும் வைத்தபின் சாடிலையும் பூட்டுங்கள்.

கேள்வி (நாமக்கல்): மினி லேத்தில் சாடிலைப் பூட்ட வழியே இல்லையே? ஆழத்தையும் அந்தப் பெரிய கைச்சக்கரத்தால் அளந்து வைக்க முடியவில்லை.

பதில்: பூட்டு இல்லாவிட்டால் செய்துகொள்ள வேண்டும். பெட்டின் அடிப்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும் ஒரு கட்டையும், சாடில் வழியாக இறங்கும் ஒரு போல்ட்டும் போதும். ஆழத்துக்கு, கியர் தொடரை விலக்கிவிட்டு ஹாஃப் நட்டைப் (சாடிலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் நட்டு) போட்டு, லீட் ஸ்க்ரூவின் (பெட்டின் நீளத்துக்கு ஓடும் திருகு) வலது முனையில் ஒரு கைச்சக்கரத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள். மெட்ரிக் மினி லேத்தில் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும். எம்எல்7-இல் அங்குலத்துக்கு 8 மரை என்பதால் ஒரு சுற்றுக்கு 1/8 அங்குலம். பெட்டில் காந்த ஸ்டாண்டில் ஒரு டயலை வைத்துச் சாடிலைத் தொடவிட்டால், பூட்டும்போது அது நகர்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (விருதுநகர்): டிரில் சக்கை டிராபார் போட்டு இறுக்கிவிட்டால் எண்ட் மில் பிடிக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. ஓசூர் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள். டிராபார் ஆர்பரைத்தான் இழுத்துப் பிடிக்கும், ஆர்பரின் மேல் இருக்கும் சக்கை அன்று.

கேள்வி (ஆவடி): எந்தத் திசையில் ஃபீட் கொடுப்பது? சில நேரம் வேலை 'வெடுக்' என்று இழுபடுகிறது.

பதில்: கட்டரின் பல் நகரும் திசையிலேயே வேலையையும் நகர்த்தினால், கிராஸ் ஸ்லைடு திருகில் உள்ள பேக்லாஷ் (தளர்வு) அளவுக்குப் பல் வேலையைத் தன்பக்கம் இழுத்துவிடும். பொருள் கீழே, கட்டர் மேலே என்று வைத்து மேல்விளிம்பைச் சீவும்போது, கிராஸ் ஸ்லைடை உங்களை நோக்கி இழுத்து ஃபீட் கொடுங்கள். கட்டர் கீழே இருந்தால் எதிர்த்திசை. ஜிப்பையும் (ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்யும் பட்டை) பாருங்கள்: கைப்பிடி சற்றே கனமாகத் திரும்ப வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): எம்.எஸ்.ஸுக்கு என்ன வேகம்?

பதில்: ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டருக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர். 10 மி.மீ. கட்டருக்கு ஏறக்குறைய 800 சுற்று, 6 மி.மீ. கட்டருக்கு 1,300. 800 சுற்றில் இரண்டு பல் கட்டருக்குப் பல்லுக்கு 0.02 மி.மீ. வீதம் நிமிடத்துக்கு 32 மி.மீ. ஃபீட். ஒரு மி.மீ. பிட்ச் உள்ள கிராஸ் ஸ்லைடில் அது இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று.

கேள்வி (காரைக்குடி): எம்எல்7 வைத்திருக்கிறேன். டி-ஸ்லாட்டில் பொருத்தும்போது கவனிக்க வேண்டியது?

பதில்: டி-நட்டின் மரை அடிவரை ஊடுருவக் கூடாது. ஊடுருவினால் போல்ட் ஸ்லாட்டின் தரையில் முட்டி ஜாக் போல நட்டை மேலே தள்ளும். வார்ப்பிரும்பு உதடு பெயர்ந்துவிடும். கடைசி மரையை மையப் பஞ்சால் நசுக்கி அடைத்துவிடுங்கள். சக் மரையால் ஏறும் லேத் அது என்பதால், கட்டரோடு ரிவர்ஸில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி (வேலூர்): மில்லிங் செய்யும்போது என் லேத்தின் ஸ்பீடு போர்டு அடிக்கடி எரிந்துபோகிறது.

பதில்: போர்டைப் பற்றி மின்னணு தெரிந்தவரிடம் கேளுங்கள். என் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும்: உயர் கியரில் வைத்துக்கொண்டு குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்து ஓட்டாதீர்கள். லோ கியருக்கு மாற்றுங்கள். மோட்டார் தன் இயல்பான வேகத்தில் ஓடும்.

கேள்வி (கடலூர்): மூன்று ஜா சக்கில் எண்ட் மில் பிடிக்கலாமா?

பதில்: மேலே திருச்சி அண்ணனோடு நடந்த உரையாடல் முழுவதும் இதைப் பற்றியதுதான். அதைப் படித்துவிட்டு, எம்டி3 ஆர்பரில் ஹோல்டர் செய்யும் பகுதியை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): மில்லிங் சீவல் பெட் முழுவதும் கொட்டுகிறது. துணி போட்டு மூடலாமா?

பதில்: சுற்றும் சக்கின் அருகே துணி வேண்டாம், கையுறையும் வேண்டாம். மெல்லிய ரப்பர் ஷீட்டைப் பெட்டின் அகலத்துக்கு வெட்டிச் சாடிலின் இருபுறமும் விரித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சீவலைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, சாடிலை ஒருமுறை கூட நகர்த்துவதற்கு முன் பெட்டைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.