ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் அந்த ஊர் வாழ்க்கைக்கு எப்படிப் பழகுகிறார்கள்?

முதல் சில வாரங்கள் எல்லாமே வேடிக்கையாக இருக்கும். சிரமம் அதற்குப் பிறகுதான். 1955இல் லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய நார்வேக்காரர்களை விசாரித்து எழுதிய ஆய்வை வெளியிட்டார். 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் தங்கியவர்களே அதிகம் தடுமாறியிருந்தார்கள். எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பது வேறு விஷயம்.

ஜெர்மனியில் தடுக்கி விழவைப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும்; சனிக்கிழமையே அரிசி வாங்காதவர் பாடு திண்டாட்டம். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகைக் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால், வாங்கும்போது கட்டிய 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். வகுப்பு அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' (c.t.) என்று போட்டிருந்தால் பாடம் 10.15க்குத்தான் தொடங்கும். ஆளில்லாத அறையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகே பலருக்கும் இது தெரியவருகிறது!

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள். பேக்கரியிலும் வீட்டுக்காரரிடமும் அதுதான் கைகொடுக்கும். நம் ஊர்க்காரர்களோடு மட்டுமே தங்கினால் சாப்பாட்டுக் கவலை தீரும், மொழி வராது. உள்ளூர் மாணவர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ள இடம் கிடைத்தால் விடாதீர்கள்.