படகு வீட்டில் சக்கர நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அஷ்டமுடிக் காயலில் எங்களுக்கு ஒரு பழைய கெட்டுவள்ளம் (மரப் படகு வீடு) இருக்கிறது. வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டு, கரையோரம் கட்டிப்போட்டு அதிலேயே குடியிருக்கிறோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். படகில் என்னென்ன மாற்ற வேண்டும்? (செங்கோட்டைக்காரர், இப்போது கொல்லத்தில்)

பதில்: பலரும் முதலில் கட்டிலை மாற்றுவார்கள். நீங்கள் கரையிலிருந்து தொடங்குங்கள். ஆபத்து நேரத்தில் அப்பா இரண்டு நிமிடத்தில் தரைக்கு வர முடியாவிட்டால், உள்ளே செய்த வசதியால் பயனில்லை.

நீண்டகரை முகத்துவாரம் வழியாகக் கடல் ஏற்றம் காயலுக்குள் வருகிறது. மழைக்காலத்தில் புனலூரைக் கடந்து வரும் கல்லடையாற்று வெள்ளமும் சேரும். அதனால் படகின் தளம் படகுத்துறைக்குச் சமமாக நிற்காது. அமாவாசையும் பௌர்ணமியும் அடங்கும்படி பதினாறு நாள், துறைக்கும் தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து எழுதுங்கள். துறையிலிருந்து படகுக்கு நாற்காலி உருண்டு போகும் சாய்தளத்தின் நீளத்தை, அதில் மிக அதிகமானதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 45 செ.மீ. வித்தியாசம் என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) என்ற சரிவுக்கு 5.4 மீட்டர் வேண்டும். பலமான ஒருவர் பின்னால் பிடித்துத் தள்ளுவார் என்றால் ஒன்றுக்கு எட்டு, அதாவது 3.6 மீட்டர் போதும். வெள்ளக் காலத்துக்குக் கூடுதல் இடைவெளி விட்டுக் கணக்கிடுங்கள்.

சாய்தளத்தின் கரை முனையைக் கீல் போட்டுத் துறையில் பொருத்துங்கள். படகு முனைக்கு உருளை வைத்து, தளத்தின்மேல் 30 செ.மீ.யாவது நகர இடம் விடுங்கள். இரு முனையையும் போல்ட் போட்டு இறுக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. படகு ஆடும்போது கீல் பிய்ந்துவிடும், அல்லது தளப்பலகை கிழியும். உருளை முனையில் சரிவான தகடு கட்டாயம். சின்ன முன்சக்கரம் 2 செ.மீ. விளிம்பில் முட்டினாலே ஆள் முன்னால் சரிவார். அகலம் 90 செ.மீ., இருபுறமும் 10 செ.மீ. தடுப்பு. இடது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு அந்தப் பக்கத்துப் பொருள் கண்ணில் பட்டாலும் கவனத்தில் பதியாது. அதனால் இடப்பக்கக் கைப்பிடியைக் கீழ்வரை அடைத்தே செய்யுங்கள்.

நீர்மேல் இருக்கும்போது அவரை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டாதீர்கள். நாற்காலியை நான்கு பட்டையால் தளத்தில் கட்டலாம், ஆளைக் கட்டக்கூடாது. கவிழ்ந்தால் நாற்காலி அவரைக் கீழே இழுத்துவிடும். சாய்தளத்தில் ஏறுமுன்பே உயிர்காப்புச் சட்டை போட்டுவிடுங்கள்.

குளியலறைக்கு வருவோம். கெட்டுவள்ளத்தின் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், ஆணி கிடையாது. அந்த உடற்பலகையில் கைப்பிடிக்காகத் துளை போட்டால் ஒழுகும், தையலும் தளரும். மூங்கில் பாய்ச் சுவரும் மெல்லிய பிளைவுட்டும் எடை தாங்காது. நிற்கும் தூண்களுக்கிடையே தடிமனான குறுக்குப் பலகை போட்டு, அதில் மறுபுறம் வரை போல்ட் ஊடுருவும்படி கம்பியை மாட்டுங்கள். உப்புக்காற்றுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுதான் தாங்கும். கம்பியின் விட்டம் 32 முதல் 38 மி.மீ., சுவரிலிருந்து இடைவெளி 4 முதல் 5 செ.மீ.

அப்பா நாற்காலியிலிருந்து கமோடுக்கு மாறும்போதும் திரும்பும்போதும் நலமான வலது பக்கமாகத்தான் நகர வேண்டும். ஆகவே கமோடின் இரு பக்கமும் நாற்காலி நிற்க இடம் வேண்டும். ஒரு பக்கம் சுவரை ஒட்டிக் கட்டிவிட்டால் போகலாம், திரும்ப முடியாது. வாசல்படியை எடுத்துவிட்டு, வாசலில் நீண்ட வடிகால் சல்லடை வையுங்கள். தரைச் சரிவு மீட்டருக்கு 2 செ.மீ. தரை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானாக வெளியேறாது. மிதவை சுவிட்சுள்ள 12 வோல்ட் பம்போடு சிறு தொட்டி வேண்டும்.

கதவு 90 செ.மீ. இடைவெளி தரும் நகரும் கதவாக, மேலே தொங்கவிட்டதாக இருக்கட்டும். கீழே தண்டவாளம் வேண்டாம். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் கொக்கி போடுங்கள். இல்லையென்றால் படகின் ஆட்டத்தில் கதவு தானாக ஓடி விரலை நசுக்கும். கட்டில் உயரம் நாற்காலி இருக்கைக்குச் சமமாக இருந்தால் போதும்.

அவர் அறைக்கும் வெளிவாசலுக்கும் நடுவே சமையலறை இருக்கக்கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கிவிடும். சிலிண்டரை வெளியே திறந்த இடத்தில் வையுங்கள். எடை கூடும் எந்த மாற்றத்தையும் படகுகளைச் சோதிக்கும் சர்வேயரிடம் காட்டிவிட்டே செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டிவலி. ஆலப்புழையில் ஒரு நாள் ஹவுஸ்போட் எடுக்கிறோம். என்ன கேட்க வேண்டும்? (தென்காசி வாசகர்)

பதில்: ஏறும் இடத்தில் எத்தனை படி, குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம், கமோடு எவ்வளவு உயரம் என்று மூன்றையும் அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். கமோடு 45 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், மேலே பொருத்தும் உயர இருக்கையைக் கையோடு எடுத்துப்போங்கள். மாடித்தளம் உள்ள படகு வேண்டாம்.